அசையாது என்று வைத்துக்கொண்டவை

ஊரில் யாராவது "தம்பி என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டால் "சாஃப்ட்வேர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். அடுத்த கேள்வி ஜெர்மனியில் குளிர் எப்படி என்பதாகத்தான் இருக்கும். அப்பா மட்டும் விடமாட்டார். பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

"சாஃப்ட்வேர்னா எதுக்கு சாஃப்ட்வேர்? பேங்குக்கா, ரயில்வேக்கா?"

"மெத்தைக்குப்பா."

"மெத்தை விக்கவா உன்னை மாஸ்டர்ஸ் படிக்க வெச்சேன்?"

விற்பதற்கு இல்லை. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்கான மெத்தை, சக்கர நாற்காலிக்கான குஷன் இவற்றை வடிவமைப்பவர்கள் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். மெத்தையைத் தயாரித்து ஆளைப் படுக்க வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, உடம்பின் சதை உள்ளே எவ்வளவு நசுங்கும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கு முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர். ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-ல் வைத்த பெயர் அது. பாலம், அணை, விமான இறக்கை என்று எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பெரிய பொருளை லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் எளிமையான சமன்பாடு. எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி தீர்க்கும்.

இதை அப்பாவுக்கு ஒருமுறை கும்பகோணத்தில், திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சரி, சப்போர்ட் எங்க குடுக்கிற?"

லிண்டலும் பீமும் போட்டுப் பழகிய மனுஷன். எங்கே தாங்குகிறது என்று தெரியாமல் எதையும் கட்ட முடியாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். எங்கள் தொழிலிலும் பாதிச் சண்டை அந்தக் கேள்வியில்தான். நாங்கள் அதை பவுண்டரி கண்டிஷன் என்போம். எல்லை நிபந்தனை.

சதை எவ்வளவு மென்மை, எலும்பு எவ்வளவு கடினம் என்பதை எல்லாம் கொடுத்துவிட்டாலும் கணினிக்கு அது போதாது. எந்த இடம் அசையக்கூடாது, எந்த இடத்தில் எவ்வளவு எடை இறங்குகிறது, எந்தப் பரப்பு எதன்மேல் உரசுகிறது, எந்தப் பக்கம் சும்மா விடப்பட்டிருக்கிறது, இதையெல்லாம் நாம் சொல்ல வேண்டும். எதையும் பிடித்து வைக்கவில்லை என்றால், அழுத்தியதும் அந்த உடம்பு விண்வெளியில் மிதப்பது போல ஓடிவிடும். கணினி பிழை காட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் புதிதாக வேலைக்கு வருபவர்கள் செய்யும் முதல் காரியம், எதையாவது பிடித்து வைப்பது. பிடித்து வைத்ததும் கணக்கு ஓடும், அழகான வண்ணப்படம் வரும். தவறான இடத்தில் பிடித்திருந்தாலும் படம் அதே அழகோடுதான் வரும்.

மாஸ்டர்ஸ் படிக்கும்போதே இதில் ஒரு அடி வாங்கினேன். இடுப்புப் பகுதிச் சதையில் ஒரு செவ்வகத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, மேலிருந்து அழுத்தும் மாதிரி ஒன்றைச் செய்திருந்தேன். வெட்டிய பக்கங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான்கு பக்கமும் 'ஃபிக்ஸட்' என்று போட்டுவிட்டேன். வந்த விடைப்படி மனிதச் சதை கிட்டத்தட்ட லாரி டயர் மாதிரி இருந்தது. பேராசிரியர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "அழுத்தினால் இந்தச் சதை எங்கே போகும்?"

எனக்கு அப்போது அம்மாவின் தேன்குழல் அச்சுதான் ஞாபகம் வந்தது. மாவைப் போட்டு அழுத்தினால் ஓட்டை வழியாக மாவு வெளியே வரும். ஓட்டையில்லாத தட்டைப் போட்டுவிட்டு அழுத்துங்கள். கை வலிக்குமே தவிர அச்சு இறங்காது. மாவு கெட்டியாகிவிட்டது என்றா அர்த்தம்? இல்லை, அதற்குப் போக்கிடம் இல்லை. நம் சதையும் அப்படித்தான். பெரும்பாலும் நீர். அழுத்தினால் கன அளவு குறையாது, பக்கவாட்டில் ஒதுங்கும். பக்கத்தை அடைத்துவிட்டால் ஒதுங்க முடியாது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு பாய்சான் விகிதம் என்று பெயர். கன அளவே மாறாத பொருளுக்கு அது 0.5. மாதிரிகளில் சதைக்கு 0.49 என்று போடுவது வழக்கம். அதே சதையை நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால், பக்கங்களைத் திறந்துவிட்டு அழுத்துவதைவிட 17 மடங்கு கடினமாகத் தெரியும். 0.499 என்று போட்டால் 167 மடங்கு. பொருள் ஒன்றுதான், மாறியது எல்லை மட்டும். அன்றிலிருந்து வெட்டிய பக்கங்களை எலும்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைப்பேன், அங்கே சதை நகர இடம் விடுவேன். பாடம் படித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஆவணியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து, கூடத்தில் ஜன்னலோரமாக வாடகைக்கு எடுத்த ஹாஸ்பிடல் கட்டிலைப் போட்டோம். கால்மாட்டில் இரண்டு கைப்பிடி இருக்கும் கட்டில். ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், இன்னொன்றைச் சுற்றினால் முழங்கால் பக்கம் உயரும். ஏர் பெட் வாங்கிப் போட்டேன். பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஏற்பாடு செய்தேன். திருச்சியிலிருந்து அக்கா சனி ஞாயிறுகளில் வருவதாகச் சொன்னாள். மற்ற நாளுக்கு ஆள் வைக்கலாம் என்றதற்கு அம்மா, "எதுக்குடா வீட்டுக்குள்ள அன்னிய ஆளு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அறுபத்தாறு வயது அவளுக்கு. சரி என்றுவிட்டு விமானம் ஏறினேன். உங்களில் பலருக்கு இந்த 'சரி' தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அலுவலகத்தில் எனக்காக ஒரு வேலை காத்திருந்தது. ஒரு புதிய மெத்தை மாதிரி. தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்தால் இடுப்பின் பின்பக்கம், வால் எலும்புக்குச் சற்று மேலே இருக்கும் திருவெலும்பு அருகே சதையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். படுக்கைப் புண் அதிகம் வரும் இடங்களில் அது ஒன்று. இடுப்பெலும்பு, சதை, கொழுப்பு, தோல், மெத்தை எல்லாம் போட்டு மாதிரி தயார் செய்தேன். தோலுக்கும் விரிப்புக்கும் நடுவே உராய்வே இல்லை என்று வைத்தேன். உராய்வு சேர்த்தால் கணக்கு முரண்டு பிடிக்கும், இரவெல்லாம் ஓடும், பாதியில் நிற்கும். உராய்வு இல்லாததால் உடம்பு வழுக்கிக்கொண்டு போனது. கணினி பிழை காட்டியது. வழுக்காமல் இருப்பதற்கு இடுப்பெலும்பை முன்னும் பின்னும் நகராதபடி பிடித்து வைத்தேன். கணக்கு ஓடியது. "தலைப்பக்கம் உயர்வதால் அழுத்தம் ஓரளவு கூடுகிறது, ஷியர் கவலைப்படும் அளவில் இல்லை" என்று அறிக்கை எழுதி அனுப்பினேன்.

ஷியர் என்பது நேராக அழுத்துவது அல்ல, பக்கவாட்டில் இழுப்பது. ஒரு சீட்டுக்கட்டை மேஜைமேல் வைத்து மேல் சீட்டைக் கையால் தள்ளினால் கட்டே சாயும் அல்லவா, அது. தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் கீழே சரிந்தால், நடுவில் இருக்கும் சதை அந்தச் சீட்டுக்கட்டு போல இழுபடும். சின்ன ரத்தக்குழாய்கள் நீண்டு, மடங்கி அடைபடும். 1958-லேயே ரைகல் என்ற அமெரிக்க மருத்துவர், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையில் நோயாளி சரிவதால் வரும் இந்த இழுப்புதான் புண்ணுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் எலும்பைப் பிடித்து வைத்தேன்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள், சாயங்காலம் வேலை முடிந்து ரயிலில் ஏறும்போது அம்மா கூப்பிட்டாள். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை.

"அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ ஒரு இடம் கன்னிப்போன மாதிரி இருக்குடா. தொட்டா சூடா இருக்கு."

"எப்பலேந்துமா?"

"ரெண்டு நாளா. நீ பயப்படுவேன்னு சொல்லல."

வீடியோவில் காட்டச் சொன்னேன். நம்மைப் போன்ற நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கறுத்து, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு திட்டு. அம்மாவை விரலால் அழுத்தி எடுக்கச் சொன்னேன். நிறம் மாறவே இல்லை. அழுத்தி எடுத்ததும் ஒரு கணம் வெளுத்து மறுபடி பழைய நிறம் வந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று பொருள். வெளுக்காவிட்டால் அது முதல் கட்டம்.

போனைத் தள்ளிப் பிடித்தபோதுதான் கட்டில் முழுதாகத் தெரிந்தது. தலைப்பக்கம் ஏறக்குறைய நட்டுக்குத்தலாக இருந்தது. அப்பா அதன் பாதிக்குக் கீழே சரிந்து, முகவாய் நெஞ்சில் இடிக்க, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இவ்ளோ உயரமா வெச்சிருக்க?"

"அப்படி வெச்சாதான் டிவி தெரியுது. சரிஞ்சுடறாரு, நான் கக்கத்துல கை குடுத்து மேல தூக்கி விடறேன். மறுபடி சரிஞ்சுடறாரு."

மறுநாள் காலையிலேயே டாக்டரை வீட்டுக்கு வரவழைக்கும்படி சொல்லிவிட்டு வைத்தேன். ரயிலில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்கவில்லை. பையில் இருந்த மகளின் வரைபட நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஃபைனைட் எலிமென்ட் எல்லாம் இல்லை, பிளஸ் டூ இயற்பியல்தான்.

அப்பா 60 கிலோ. தலை, கை, உடம்பு சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, 40 கிலோ. அது சாய்ந்த பலகையில் கிடக்கிறது. பலகை வழியாகக் கீழே சரிய முயன்று இடுப்பைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் கால் பக்கமாக, கிடைமட்டமாகப் போகும் பங்கு எவ்வளவு? உராய்வே இல்லை என்று வைத்தால், எடையைச் சாய்வின் சைனாலும் கொசைனாலும் பெருக்க வேண்டும். 30 டிகிரிக்கு 17 கிலோ வந்தது. 60 டிகிரிக்குப் போட்டேன். அதே 17 கிலோ. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். தப்பில்லை. 30-ன் சைன் 60-ன் கொசைன், அவ்வளவுதான். உராய்வு இல்லாத உலகத்தில் 30-க்கும் 60-க்கும் வித்தியாசமே கிடையாது!

பிறகு முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே உராய்வு 0.4 என்று வைத்துப் போட்டேன். 30 டிகிரியில் இடுப்பைத் தள்ளுவது 5 கிலோ சொச்சம்தான், மீதியை முதுகு தாங்கிக்கொள்கிறது. 60 டிகிரியில் 13 கிலோவுக்கு மேல். இரண்டரை மடங்கு. நான் கணக்கு ஓட வேண்டும் என்பதற்காக விட்டுவிட்ட ஒரே ஒரு விஷயம், இரண்டு படுக்கை நிலைக்கும் இடையே இருந்த வித்தியாசத்தையே அழித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. என் மாதிரியில் அந்த 17 கிலோ எங்கே போனது? பேராசிரியர் கேட்ட அதே கேள்வி. சதைக்குள் போகவில்லை, அதனால்தான் ஷியர் இல்லை என்று எழுதினேன். மெத்தைக்கும் போகவில்லை, உராய்வே இல்லையே. வேறெங்கே போயிருக்கும்? நான் பிடித்து வைத்த எலும்புக்குத்தான். நிஜத்தில் எலும்பை அப்படி யாரும் காற்றில் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. எலும்பைத் தாங்குவது சதை, சதையைத் தாங்குவது தோல், தோலைத் தாங்குவது விரிப்பு. அந்த 17 கிலோவும் சதை வழியாகத்தான் போயாக வேண்டும்.

எங்கள் மென்பொருளில் இதைப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு இடத்தை அசையாதே என்று சொல்லிவிட்டால், அதை அசையாமல் வைத்திருக்க எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று கணினி தனியாக எழுதி வைக்கும். ரியாக்‌ஷன் ஃபோர்ஸ் என்போம். எதிர்வினை விசை. நான் வண்ணப்படத்தைத்தான் பார்த்தேன், அந்த எண்களைத் திறந்தே பார்க்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்தேன். இருந்தது. கிட்டத்தட்ட நான் ரயிலில் போட்ட எண்.

எலும்பை விடுவித்து, உராய்வைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். ஏழெட்டு தடவை பாதியில் நின்றது. எடையை ஒரேயடியாக ஏற்றாமல், முதலில் உடம்பை மெத்தையில் மெதுவாக இறக்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியவிட்டதும் ஓடியது. படம் மாறியிருந்தது. தோலுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எலும்பின் ஓரத்தை ஒட்டி, ஆழத்தில், சிவப்பு. படுக்கைப் புண் பல சமயம் உள்ளே எலும்புப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வெளியே தெரிவதற்குள் முற்றியிருக்கும் என்பது மருத்துவர்கள் சொல்வதுதான். அம்மா தொட்டுப் பார்த்து "சூடா இருக்கு" என்று சொன்ன திட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் அந்தப் படம் காட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்க்க முடியவில்லை.

குழுத் தலைவியிடம் போய், அறிக்கை தப்பு, திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் திட்டவில்லை. "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். இப்போது எங்கள் குழுவில் எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்தில் எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றின் எதிர்வினை விசை எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்க வேண்டும்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். அன்று இரவே அம்மாவிடம், "30 டிகிரிக்கு மேல கட்டிலைத் தூக்கவே கூடாது" என்று சட்டம் போட்டேன்.

"முப்பது டிகிரின்னா எவ்ளோடா?"

ஒரு நிமிஷம் விழித்தேன். அப்புறம் சொன்னேன், தலைப்பக்கப் பலகை எவ்வளவு நீளமோ அதில் பாதி உயரம் தூக்கினால் 30 டிகிரி. அம்மா தையல் மெஷினிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். பலகை 32 இன்ச். நுனி 16 இன்ச் உயரும்வரை கைப்பிடியைச் சுற்றினாள். எத்தனை சுற்று என்று எண்ணி, காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டாள். டிவியை எதிர்ச் சுவரில் மேலே மாட்டச் சொன்னோம்.

என் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. அடுத்த நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் சொல்லியிருக்கிறார், "சாப்பிடும்போது உயர்த்தித்தான் ஆகணும், இல்லேன்னா புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு இறக்குங்க." விழுங்குவதில் சிரமம் இருக்கும் ஆளுக்கு நான் சொன்னதை அப்படியே செய்திருந்தால் வேறு ஆபத்து. படுக்கைப் புண்ணை மட்டும் மாதிரியில் வைத்தவனுக்குத் தொண்டை ஞாபகம் வரவில்லை.

இன்னொன்று அம்மாவே கண்டுபிடித்திருந்தாள். "முதல்ல முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிட்டு, அப்புறம் தலையைத் தூக்கினா அவர் சரியறதே இல்லடா." பிசியோதெரபிஸ்ட்டும் அதுதான் சரி என்றாராம். நான் மாதிரியில் எலும்பைப் பிடித்து வைத்து இல்லாத ஒரு தடையைப் போட்டேன். அம்மா நிஜமான தடையைப் போட்டுவிட்டாள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தத் திட்டு மட்டும் இல்லை. பத்து நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தம்பி, அம்மா சொல்ல வேண்டாம்னாங்க. இடுப்பு புடிச்சுக்கிட்டு ரெண்டு நாளா நிமிர முடியல. ஒரு மாசமாவே வலி இருந்திருக்கு. வலி மாத்திரை போட்டுக்கிட்டு அப்பாவைத் தூக்கிட்டு இருந்திருக்காங்க."

60 கிலோ மனுஷன். ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை சரிகிறார். அம்மா கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிறாள். அந்தச் சரியல் அப்பாவின் சதையில் என்ன செய்தது என்று ஒரு வாரம் இரவு பகலாகக் கணக்குப் போட்டேனே, அதே எடையை அம்மாவின் முதுகு தாங்கியதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நான் விமானம் ஏறும்போது மனசுக்குள் போட்டு வைத்திருந்த மாதிரியில் அப்பாவுக்கு நோய், அக்கா சனி ஞாயிறு, பணம் நான், அம்மா ஃபிக்ஸட் சப்போர்ட். எவ்வளவு எடை வைத்தாலும் அசையமாட்டாள். அந்த இடத்தின் எதிர்வினை விசை எவ்வளவு என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. 'சரி' என்று சொன்னது நான்தான். என் கணக்கு ஓடுவதற்கு அது வசதியாக இருந்தது.

மார்கழியில் நான்கு வாரம் ஊருக்குப் போனேன். இந்த முறை இரவுப் பொறுப்பு என்னுடையது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவை ஒருக்களித்துத் திருப்பிவிட வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரியே எனக்கு முதுகு விட்டுப்போனது. நான் முப்பத்தாறு வயது ஆள், ஜிம்முக்குப் போகிறவன். காலையில் காபியோடு வந்த அம்மா, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

பகலுக்கு ஒரு அம்மாவும் இரவுக்கு ஒரு தம்பியுமாக உதவிக்கு ஆள் வைத்தோம். "அன்னிய ஆளு" என்று அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "உனக்காகத்தான், அப்பாவுக்காக இல்ல" என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னபோது பேசாமல் இருந்துவிட்டாள். இப்போது அப்பாவை யாரும் கக்கத்தில் பிடித்துத் தூக்குவதில்லை. அவருக்கு அடியில் ஒரு கெட்டியான போர்வை மடித்துப் போட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, போர்வையோடு தூக்கி நகர்த்துகிறார்கள். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுத்தால் மறுபடி அதே ஷியர்தான். அந்தத் திட்டு புண்ணாக உடையவில்லை. மூன்று வாரத்தில் நிறம் தேறியது.

உங்கள் வீட்டிலும் ஊரில் யாராவது படுக்கையில் இருக்கலாம் என்பதால் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். டாக்டரையும் நர்ஸையும் கேட்டுவிட்டே செய்யுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது திருவெலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால் இவற்றைப் பார்க்க வேண்டும். நம் தோலில் நிறத்தை மட்டும் நம்பாமல் கையால் தொட்டு, சூடு, கெட்டித்தன்மை, வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்னிய இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது, ஏற்கனவே நொந்த சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை இருக்கும் வளையத் தலையணை நல்லது என்று கடைக்காரர் சொல்வார். வேண்டாம், வளையத்தின் விளிம்பிலேயே ரத்த ஓட்டம் தடைபடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவது நல்லது. ஈரம் சேர்ந்தால் தோல் விரிப்போடு இன்னும் ஒட்டும், அதனால் டயபரை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் திருப்பிப் போட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நானே அப்படித்தான் நினைத்தேன்.

இதையெல்லாம் செய்யப்போகிறவர் யார் என்பதையும் கேளுங்கள். வீடியோ காலில் கட்டிலைக் காட்டச் சொல்வது போல, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரையும் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள். "நான் பாத்துக்கறேன்" என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் முதல் கேள்வி, "இடுப்பு எப்படிமா இருக்கு?" என்பதுதான்.

"அப்பா எப்படி இருக்காருன்னு கேக்க மாட்டியா?" என்கிறாள் அம்மா.

"அதையும் கேக்கறேன். முதல்ல நீ சொல்லு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலையில எழுந்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் வலிக்குதுடா" என்கிறாள். முன்பெல்லாம் இவ்வளவுகூடச் சொல்ல மாட்டாள். அப்பாவிடம் போனைக் கொடுக்கிறாள். குழறலாக ஏதோ சொல்கிறார். முழுசாகப் புரிவதில்லை. நேற்று இடது கையால் ஜன்னல் பக்கம் காட்டி ஒரு வார்த்தை சொன்னார். அம்மா கேட்டுவிட்டு மொழிபெயர்த்தாள்.

"மெத்தை வேலை எப்படிப் போவுதுன்னு கேக்கறாருடா."